வடிகால் என்றொரு சொல்

பெண் ஒருத்தி எழுதிய கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை வந்தால், அதில் எங்காவது ஒரு பத்தியில் ‘வடிகால்’ என்ற சொல் தலைகாட்டிவிடுகிறது. அடக்கி வைத்த உணர்ச்சிகளுக்கு வடிகால், மணவாழ்க்கையின் புழுக்கத்துக்கு வடிகால், தனிமைக்கு வடிகால். எழுதுகிறவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார். பெண்ணின் துயரத்தைப் புரிந்துகொண்டுவிட்டதாகவே நம்புகிறார். அதே இதழின் அடுத்த பக்கத்தில் ஓர் ஆண் கவிஞரின் தொகுப்புக்கும் மதிப்புரை இருக்கும். அங்கே பேச்சு மொழி, படிமம், காலம், தரிசனம் என்று போகும். அவருக்கும் தனிமை உண்டு, புழுக்கமும் உண்டு. ஆனாலும் அவர் எழுதியது கவிதை. நாம் எழுதியது வடிகால்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வடிகால் என்பது வீட்டுக்குள் நீர் தேங்காமல் வெளியே போக வெட்டிய வழி. அது ஒழுங்காக வேலை செய்தால் வீடு அப்படியே இருக்கும். அடுப்பு இருந்த இடத்தில் இருக்கும், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் உட்கார்ந்தபடியே இருப்பார். கால் நனையாது. வடிகாலில் என்ன ஓடுகிறது என்று யாரும் கையில் அள்ளிப் பார்ப்பதில்லை, ஓடிப்போனால் போதும். ஒரு கவிதையை வடிகால் என்று சொல்லும்போது, அதை வாசிக்க வேண்டிய கடமையிலிருந்து சொன்னவர் கழன்றுகொள்கிறார். எழுதியவளின் வீடு மாறாமல் இருக்கட்டும் என்ற விருப்பமும் அந்தச் சொல்லுக்குள் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கிறது. (சேலத்துக்காரர்களுக்கு இதைக் கூடுதலாக விளக்க வேண்டியதில்லை. சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்கு நடுவே வரும் திருமணிமுத்தாற்றை நாங்கள் வடிகாலாக்கிப் பல காலமாகிறது. பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம்.)

இந்தச் சொல்லுக்கு இப்போது புதிய உறவுக்காரர்கள் வந்திருக்கிறார்கள். கலை மனதை ஆற்றும், எழுதினால் லேசாகிவிடும், வண்ணம் தீட்டினால் பதற்றம் குறையும் என்று கல்லூரிக்குக் கல்லூரி பயிலரங்குகள் நடக்கின்றன. மகளிர் தினத்துக்கு ரங்கோலிப் போட்டி நடத்திய இடத்தில் இப்போது மண்டலா தாளும் வண்ணப் பென்சிலும் கொடுக்கிறார்கள். நன்றி சொல்ல வேண்டியவற்றை எழுதிவைக்க ஒரு குறிப்பேடும் தருகிறார்கள். நான் இதை முழுக்கக் கேலி செய்ய மாட்டேன். யாரும் எந்த வேலையும் ஏவாமல் அரை நாள் உட்கார்ந்து நிறம் தீட்டுவது, எங்கள் மாணவிகளில் பலருக்கு வீட்டில் கிடைக்காத ஓய்வு. எனக்கு உறுத்துவது அந்த அரங்குகளில் தரப்படும் வாக்குறுதிதான். எழுது, இறக்கி வை, லேசாகு, பிறகு வீட்டுக்குப் போ. போகிற வீடு பற்றிப் பயிலரங்கில் ஒரு கேள்வியும் இல்லை.

இதற்குப் பின்னால் ஆய்வுகளும் உண்டு. அவை சொல்வதும் பயிலரங்குகள் சொல்வதும் ஒன்றல்ல. 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்கள் சிலரைத் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், வாழ்க்கையில் தங்களை மிகவும் பாதித்த நிகழ்வைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அப்போது மனம் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்கள் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. லேசாகவில்லை, கனத்தது. பின்னால், 2006இல், இப்படிப்பட்ட 146 ஆய்வுகளை ஜோஆன் ஃப்ராட்டரோலி சேர்த்துப் பார்த்தபோது பலன் உண்டு, ஆனால் சிறியது என்றே தெரிந்தது. அறிவியல் இவ்வளவு அடக்கமாகச் சொல்லியிருப்பதைத்தான் ஒலிபெருக்கியில் இவ்வளவு பெரிதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தமிழில் இதற்கு வேறொரு சொல் இருக்கிறது, வடிகாலைவிடப் பழையது. ஆற்றுதல். பாலை ஆற்றுகிறோம், புண்ணை ஆற்றுகிறோம், பணி ஆற்றுகிறோம், பிரிவை ஆற்றியிருக்கிறாள் தலைவி. தணிப்பது, குணமாக்குவது, செய்வது, தாங்குவது என்று நான்கும் ஒரே வினைக்குள் கிடக்கின்றன. அதன் எதிர்மறையான ஆற்றாமைக்கு இன்றைய பேச்சில் பொறாமை என்கிற அளவுக்குப் பொருள் சுருங்கிவிட்டது. அகப்பாடலில் அது தாங்க முடியாமை. அகப்பாடல்களுக்குப் பின்னாளில் எழுதிச் சேர்த்த கூற்றுக் குறிப்புகளைப் புரட்டினால், ஆற்றாள் எனக் கவலைப்பட்ட தோழி, ஆற்றுவிக்கும் தோழி, ஆற்றியிருப்பேன் எனச் சொல்லும் தலைவி என்று இந்த வினை விதவிதமாக வந்துகொண்டே இருக்கும். அந்தக் குறிப்புகள் எல்லாவற்றிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். சொன்னவர் ஒருவர், கேட்டவர் ஒருவர். நெஞ்சோடு பேசினாலும் நெஞ்சு அங்கே இன்னொரு ஆளாகத்தான் நிற்கிறது.

ஔவையாரின் குறுந்தொகை 28ஆம் பாடல் இதற்கு நல்ல சான்று. என் நோய் தெரியாமல் தூங்குகிற இந்த ஊரை நான் என்ன செய்வது, மோதவா, தாக்கவா, ஏதாவது சாக்கு வைத்துக் கத்தவா என்று கேட்கிற பெண் அவள். ஊரே கேட்கவில்லை என்பதுதான் பாடலின் சினம். ஆனால் குறிப்பு சொல்வது என்ன? இவள் தாங்கமாட்டாளோ என்று கவலைப்பட்ட தோழியிடம் தலைவி சொன்னது. ஊர் தூங்குகிறது, ஒருத்தி விழித்திருக்கிறாள். அந்த ஒருத்தி இல்லாவிட்டால் இந்தப் பாடலுக்கு நடக்க இடமே இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை எண்ணிக்கொண்டு போகும்போது கூற்றுக்கு அடுத்து ‘கேட்போர்’ என்பதையும் ஓர் உறுப்பாக வைக்கிறது. முதுகலை மாணவர்கள் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். கேட்பவரும் கவிதையின் உடம்பில் ஒரு பகுதி என்பது எவ்வளவு பெரிய கூற்று என்று நாங்கள் வகுப்பில் நிறுத்திச் சொல்வதில்லை. பாடத்திட்டம் முடிய வேண்டுமே.

தமிழ்ப் பெண்கள் கலையால் தங்களை ஆற்றிக்கொண்டதற்குப் பழக்கமான வடிவம் ஒப்பாரி. அதையும் வடிகால் என்றுதான் நாட்டுப்புறவியல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் ஒப்பாரியைத் தனியாக ஒருத்தி அறைக்குள் உட்கார்ந்து பாடுவதில்லை. தோளோடு தோள் கட்டிக்கொண்டு, வட்டமாக, ஒருத்தி நிறுத்திய இடத்தில் இன்னொருத்தி எடுத்துப் பாடுவது அது. தென்னார்க்காட்டில் களப்பணி செய்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசெஸ் 2005இல் தமிழ் ஒப்பாரி பற்றி எழுதிய நூலுக்கு, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்று பொருள்படத் தலைப்பு வைத்தார். சாவு வீட்டுக்குப் போய் வந்த எந்தப் பெண்ணுக்கும் இது புதிதல்ல. செத்தவர் பெயரைச் சொல்லித் தொடங்கி, சீர் கொண்டுவராத அண்ணன், பிள்ளையில்லை என்று பேசிய மாமியார், திரும்பிப் பார்க்காத தாய்வீடு என்று பாட்டு தன் வழியில் போகும். அந்த அண்ணனும் மாமியாரும் பத்தடி தூரத்தில் பந்தலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். எழுந்து போக முடியாது. இதன் எல்லையும் தெரிந்ததுதான்: காரியம் முடிந்ததும் அந்த அனுமதி முடிந்துவிடுகிறது. மறுநாள் அடுப்படியில் அதே வரியைப் பாடினால் அது ஒப்பாரி இல்லை, வாய்க்கொழுப்பு.

எழுத்து இந்த எல்லையை எப்படித் தாண்டுகிறது என்பதற்குப் பாமாவின் ‘கருக்கு’ போல இன்னொரு நூல் தமிழில் இல்லை. 1992இல் வந்தது. கன்னியர் மடத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, அங்கே கண்ட சாதியையும் ஏழைகளிடமிருந்து விலகிய வாழ்க்கையையும் பொறுக்க முடியாமல் வெளியேறி, வேலையும் சேமிப்பும் இல்லாமல் நின்ற ஒரு தலித் பெண், தோழமை கொண்ட ஒருவர் தூண்ட எழுதத் தொடங்கியது. உள்ளுக்குள் பட்ட காயங்களை ஆற்றிக்கொள்ளவே எழுதினேன், வேறு நோக்கம் இருக்கவில்லை என்ற பொருளில் பாமாவே பின்னால் சொல்லியிருக்கிறார். ஆகவே கலையால் ஆறுதல் என்று பேசுகிறவர்கள் கையில் எடுக்க வேண்டிய முதல் தமிழ்ப் புத்தகம் இதுதான்.

எடுத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? காயம் பட்டது மடத்தில். ஆனால் புத்தகம் மடத்தில் தொடங்கவில்லை. ஊரில் தொடங்குகிறது. மலை, குளம், தெருக்கள், தெருவுக்கொரு சாதி, யார் எந்தப் பக்கம் நடக்கலாம் என்பது, பட்டப்பெயர்கள், விளையாட்டு, வேலை, திருவிழா, போலீஸ் வந்த நாள், பாட்டி வேலை பார்த்த வீட்டில் சோறு வாங்கிய விதம். சொல்கிறவளுக்குப் பெயரே கிடையாது. வரிசைக் கிரமமும் இல்லை. ஒரே பருவத்துக்குத் திரும்பத் திரும்ப வேறு வேறு வாசல் வழியாக வருகிறாள். தன் துயரத்தைச் சொல்ல உட்கார்ந்த ஒருத்தி ஏன் இப்படி ஊர் முழுக்கச் சுற்ற வேண்டும்? சுய உதவிப் புத்தகங்கள் கேட்டால் இதைத் தப்பித்தல் என்று சொல்லும். உன் உணர்வோடு இரு, உன்னைப் பற்றி எழுது என்று திருத்தும். பாமா செய்தது நேர் எதிர். தனக்கு ஏன் வலித்தது என்று கண்டுபிடிக்க, தன்னைவிடப் பெரியதாக ஒன்றை எழுத வேண்டியிருந்தது. மடத்தில் நடந்ததை மட்டும் எழுதியிருந்தால் அது ஒத்துப்போகாத ஒரு கன்னியரின் மனக்குறையாக முடிந்திருக்கும். பாட்டிக்கு நடந்ததோடு சேர்த்து எழுதும்போதுதான் அது தன்னிடம் இருந்த குறையல்ல என்பது எழுதுகிறவளுக்கே தெரிகிறது. ஆறுதல் அந்தத் தெரிதலில் இருக்கிறது. கொட்டித் தீர்த்ததில் இல்லை.

அந்த ஆறுதல் இதமாகவும் வரவில்லை. புத்தகம் வெளிவந்த புதிதில் ஊருக்குள் கோபம் எழுந்தது. கொஞ்ச காலம் பாமா ஊருக்குள் போக முடியாத நிலைகூட இருந்தது. பிறகு படித்தவர்கள் படிக்காதவர்களுக்கு வாசித்துச் சொல்ல, இது நம் கதை என்று ஊர் ஏற்றுக்கொண்டது. கேட்போர் உறுப்பு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாயிற்று, அவ்வளவுதான். 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்து உலகம் முழுக்கப் பாடத்திட்டத்தில் நுழைந்தது தனிக் கதை. பனங்கருக்கு இரண்டு பக்கமும் அறுக்கும் என்பதால் அந்தத் தலைப்பு. வடிகால் என்று யாராவது அதற்குப் பெயர் வைக்கப் பார்த்தால் கையைத்தான் அறுத்துக்கொள்வார்கள்.

சல்மாவின் கதை நம் எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். துவரங்குறிச்சியில் பூப்பெய்தியதை ஒட்டிய வயதில் பள்ளி நின்றது, ஜன்னலுக்குள் வளர்ந்தது, மணமான வீட்டில் எழுத்துக்குத் தடை, இரவில் கழிப்பறையில் நின்றுகொண்டு கிடைத்த தாளில் எழுதியது. கிம் லாங்கினாட்டோ 2013இல் எடுத்த ஆவணப்படத்துக்குப் பிறகு உலகமே இந்தக் கழிப்பறையைத் தெரிந்துகொண்டது. அடக்கப்பட்ட பெண், ரகசியக் காகிதம், உள்ளே பொங்கும் கவிதை. வடிகால் உருவகத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது. கூசாமல் பொருத்தினார்கள்.

நான் என் மாணவிகளைக் கேட்பது வேறு: அந்தத் தாள் கழிப்பறையிலிருந்து வெளியே எப்படி வந்தது? சல்மாவின் அம்மா கொண்டுவந்தார். மகளைப் பார்க்க வருகிற அம்மா, துணிகளோடு துணியாக மறைத்து எடுத்துப் போய்ச் சிற்றிதழ்களுக்குப் போய்ச் சேர வழிசெய்தார். மகள் எழுதுவதை அந்த அம்மாவும் ஒரு காலத்தில் விரும்பியவர் அல்ல என்பதை நினைத்தால் இதன் எடை கூடும். தோழி என்ற அகப்பாடல் பாத்திரத்துக்குத் துவரங்குறிச்சியில் அம்மா வேடம் போட்டிருக்கிறார். அந்தக் கை இல்லாமல் 2000இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ இல்லை. ராஜாத்தி எழுதினாள், சல்மா வெளியே போனாள். 2001இல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பொன்னம்பட்டிப் பேரூராட்சிக்கு யாரையாவது நிறுத்த வேண்டிவந்தபோது, குடும்பம் இவரைத்தான் நிறுத்தியது, ஜெயித்துத் தலைவரானார். அதற்குப் பிறகு 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. அந்த நாவலில் பெண்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். திண்ணையில், சமையற்கட்டில், இருட்டில், ஆண்கள் காதில் விழாத தூரத்தில். தனி அறைக் கவிதையிலிருந்து கூட்டப் பேச்சு நாவலுக்கு வந்ததை விமர்சகர்கள் வடிவ வளர்ச்சி என்று எழுதினார்கள். எனக்கு அது குணமான உடம்பின் நடையாகப் படுகிறது. நாவலில் சொற்சிக்கனம் குறைவு, சில அத்தியாயங்கள் சுற்றிச் சுற்றி நிற்கின்றன என்ற குறை எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் குறையைச் சொல்வதற்கும் அதை முதலில் நாவலாக வாசித்திருக்க வேண்டும்.

வடிகால் என்று சொன்னவர்கள் உண்மையிலேயே அதை நம்பவில்லை என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ வந்ததை ஒட்டி, மாலதி மைத்ரி, சுகிர்தராணி, சல்மா என்று உடலை எழுதிய பெண்களுக்கு எதிராக மேடைகளிலும் ஊடகங்களிலும் வந்த வசையைப் பார்த்தோம். வெறும் வடிகாலாக இருந்தால் இவ்வளவு பதற்றம் எதற்கு? வடிகாலைப் பார்த்து யாரும் ஆத்திரப்படுவதில்லை. வெள்ளம் வீட்டுக்குள் திரும்பும் என்று தெரிந்தால்தான் வரும் அந்த ஆத்திரம்.

கலை ஆற்றும் என்று பேசுகிறவர்கள் ஒரு பெயருக்கு முன்னால் நின்றுதான் ஆக வேண்டும். சிவரமணி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், பெண்கள் அமைப்புகளில் இயங்கியவர். 1986இல் வந்த ‘சொல்லாத சேதிகள்’ என்ற ஈழப் பெண் கவிஞர்களின் தொகுப்பில் அவர் கவிதைகள் உண்டு. போரும், போரின் பெயரால் எல்லாக் குரல்களும் அடக்கப்பட்ட சூழலும் நெருக்கிய 1991ஆம் ஆண்டு மே மாதம், தன்னிடமிருந்த கவிதைகளை எரித்துவிட்டுத் தன் வாழ்வை முடித்துக்கொண்டார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். தமிழில் எழுதப்பட்ட நேர்மையான கவிதைகளில் அவருடையவை சேரும். அவர் திறமையாக எழுதினார், தொடர்ந்து எழுதினார், உண்மையாக எழுதினார். எழுத்து அவரைக் காப்பாற்றவில்லை.

இதை வைத்துக் கலை பயனற்றது என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். எழுதியது ஏன் போதவில்லை என்று ஆராய்ந்து அவர் மனதுக்கு நோய்ப்பெயர் சூட்டுவதும் அநியாயமே. ஊரே வாயடைக்கப்பட்டிருந்த காலம் அது. கேட்கக்கூடியவர்களும் பயந்துகொண்டிருந்தார்கள், காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். அவரைப் போலவே கவிஞரான செல்வி அதே ஆண்டில் கடத்தப்பட்டார், திரும்பவில்லை. ஒரு சமூகத்தின் காதை அறுத்துவிட்டுத் தனி ஒருத்தியைப் பார்த்து, எழுதி ஆற்றிக்கொள் என்பதில் என்ன நியாயம்? எரித்ததற்கு மிஞ்சி இன்று நாம் வாசிக்கிற சிவரமணியின் கவிதைகள், அச்சிலும் நண்பர்கள் கையிலும் இருந்தவை. பின்னால் அவற்றைத் தேடிச் சேர்த்தவர்கள் பெண்கள்தான். நடைமுறையில் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மனம் உடைந்து நிற்கிறவளுக்கு மருத்துவர் தேவைப்பட்டால், மருந்து தேவைப்பட்டால், அவளைக் கவிதை எழுது என்று திருப்பி அனுப்புவது பொறுப்பற்ற செயல். கவிதை மருத்துவத்தின் இடத்துக்குப் போட்டியிடவில்லை.

எங்கள் சமவெளிக்கே வருகிறேன். நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த பெருமாள்முருகன், ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் எழுந்த போராட்டங்களுக்குப் பிறகு, 2015 ஜனவரியில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த ‘சமாதானப்’ பேச்சுவார்த்தையில் நிபந்தனைகளுக்குக் கையெழுத்திட்டார். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார். குழந்தையில்லாத பொன்னாவின் உடம்பைப் பற்றிய நாவலை, எங்கள் பெண்களின் மானத்தைக் காக்கவே எதிர்க்கிறோம் என்றார்கள். பொன்னாக்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் ‘கோழையின் பாடல்கள்’ வந்தது. செத்ததாக அறிவித்த காலத்தில் ரகசியமாக எழுதிய 200க்கும் மேற்பட்ட கவிதைகள். அந்தக் கவிதைகளே தன்னை மீட்டன என்று அவரே சொல்லியிருக்கிறார்.

எழுதத் தடை, ஒளிந்து எழுதுதல், எழுத்தால் உயிர்த்தல். சல்மாவுக்கு நடந்ததும் இதுவே. ஆனால் ‘கோழையின் பாடல்கள்’ பற்றி வந்த கட்டுரைகளில் கருத்துச் சுதந்திரம், சாதி அரசியல், தீர்ப்பு, எதிர்ப்பின் புதிய மொழி என்று பேசினார்கள். சரியாகத்தான் பேசினார்கள், அந்தத் தொகுப்புக்கு அது தகும். அவர் கவிதையை யாரும் வடிகால் என்று சுருக்கவில்லை. அவரைத் தடுத்தது கும்பல், சல்மாவைத் தடுத்தது குடும்பம். கும்பல் தடுத்தால் அது அரசியல், குடும்பம் தடுத்தால் அது சொந்தக் கஷ்டம் என்று பிரிக்கிற கோடுதான் நம் மதிப்புரைகளையும் பிரிக்கிறது. குடும்பத்தின் தடையை எதிர்த்து எந்த நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்குவது, எந்த ஜூலை 5ஐக் கொண்டாடுவது?

கை வேலை மனதை ஆற்றும் என்பது இந்தப் பேச்சின் இன்னொரு கிளை. பின்னல், பூவேலை, மணி கோப்பது. நான் குடியிருக்கும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்குப் பேர்போன இடம். இங்கும் சுற்றுப்பட்டிலும் கொலுசு செய்யும் பட்டறைகள் வீட்டுக்கு வீடு உண்டு. பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்து சின்னச் சின்ன வளையங்களைக் கோத்துக் கொடுப்பார்கள். எடைக் கணக்கில் கூலி. எதிர்வீட்டு அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். தொலைக்காட்சியில் கைவினை மனதுக்கு மருந்து என்று யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “நாப்பது வருசமா இதைத்தான் கண்ணு பண்றேன். ஆறும்னா எனக்கு எப்பவோ ஆறியிருக்கணுமே.” கண் எரிச்சலும் இடுப்பு வலியும்தான் மிச்சம் என்றார். பிறகு அவரே, கோலம் போடும்போது மட்டும் கொஞ்சம் நல்லா இருக்கும் என்றார். ஏன் என்று கேட்டேன். கொலுசு எந்தக் காலுக்குப் போகுதுன்னு தெரியாது. கோலத்தைப் பார்த்துட்டு நீ எத்தனை புள்ளின்னு கேப்பல்ல, என்றார். கேட்போர் என்ற உறுப்புக்கு இளம்பூரணர், பேராசிரியர் உரைகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே ஒரு பெண் தன் எழுத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது நாம் எந்த உறுப்பாக இருக்கப்போகிறோம் என்பதே எனக்கு முன்னால் இருக்கும் கேள்வி. ஆசிரியர்களுக்கு இது வாரத்துக்கு ஒருமுறை வரும். சென்ற ஆண்டு இளங்கலை இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி நோட்டு ஒன்றைக் கொடுத்தாள். அவளுடைய அம்மா ஜவ்வரிசி ஆலைக்குக் குச்சிக்கிழங்கு தோலுரிக்கப் போகிறவர். கவிதை அதைப் பற்றியது. கத்தி, கிழங்கு, மாவு காய்ந்து வெடித்த விரல்கள். அதன் நடுவில் அம்மாவின் முழங்கைக்கு மேல் ஒரு கருநீலத் தடம். கிழங்கு மூட்டை இடித்தது என்று அம்மா சொல்கிறார், அப்பா கேட்டுக்கொண்டிருக்கும்போது. கவிதை அந்த இடத்தில் மறுபடி கிழங்குக்குத் திரும்பிவிடுகிறது.

“எழுதினா மனசு லேசாகும்னு சொன்னாங்கம்மா,” என்றாள். “லேசாகல. கோவந்தான் வருது.”

லேசாகாமல் இருப்பதில் தவறில்லை என்று சொன்னேன். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அது ஒரு வேலை. அடுத்த வேலை, கவிதையை எடுத்துக்கொண்டு உட்கார்வது. ‘தடம்’ என்ற சொல்லை ஏன் தேர்ந்தாய், ‘காயம்’ என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். காயம்னா யாராவது பண்ணினதுன்னு ஆயிடும், அம்மா அதைச் சொல்லலையே, அதனால நானும் சொல்லல, என்றாள். அந்த வரி எதனால் நிற்கிறது என்று எனக்கு அப்போது புரிந்தது. மூன்றாவது பத்தியில் உவமை இரண்டு அதிகம் என்று சொன்னேன். ஒன்றை வெட்டச் சம்மதித்தாள், இன்னொன்றுக்கு மறுத்துவிட்டாள். ஒரு மணி நேரம் போனது. வடிகால் என்ற சொல்லுக்கு அந்த மேசையில் வேலையே வரவில்லை.

பொங்கல் விடுமுறையில் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அப்பா வெளியே போயிருந்த நேரம். அம்மா கடைசிவரைக்கும் பேசாமல் கேட்டாராம். தடம் வருகிற வரியில் முகத்தைத் திருப்பவில்லையாம். முடித்ததும், “கத்தியை அப்படிப் புடிக்க மாட்டோம். நீ எழுதுன மாதிரி புடிச்சா வெரல் போயிரும்,” என்று எழுந்து போய் அரிவாள்மனைக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கத்தியை எடுத்துவந்து, ஒரு கிழங்கில் செய்து காட்டியிருக்கிறார். மகள் அந்த வரியைத் திருத்தினாள். மறுபடி முதல்லேர்ந்து படி என்றாராம் அம்மா.